முஹாஸபாவுக்குச் 'சுயபரிசோதனை' பொருந்துமா?

ரமலான் நெருங்கிவிட்டால் சிறப்பு மலர்களிலும் ஜும்ஆ பயான்களிலும் (வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவுகள்) 'சுயபரிசோதனை செய்துகொள்வோம்' என்ற வரி தவறாமல் வந்துவிடுகிறது. முஹாஸபா என்ற அரபுச் சொல்லுக்கு ஈடாக வைக்கப்படுவது அது. கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டதால் பலருக்கு அதன் பிழை உறைப்பதில்லை. தன் ஈமானையும் (இறைநம்பிக்கை) அமலையும் (செயல்) அன்றாடம் எடுத்துப் பார்த்து, குறைந்ததை நிரப்பி, மேலே ஏறுவதற்கான பயிற்சி முஹாஸபா. அந்தப் பயிற்சியின் உயிர்நாடியையே இந்த மொழிபெயர்ப்பு அறுத்துவிடுகிறது.

வேர் ஹ-ஸ-ப. எண்ணுதல், கணக்கிடுதல் என்பது பொருள். கணக்குக்கு ஹிஸாப். மறுமை நாளுக்கு யவ்முல் ஹிஸாப் என்று ஒரு பெயர். அல்லாஹ்வின் திருநாமங்களில் ஒன்று அல்ஹஸீப். முஹாஸபா என்பது இதே வேரில் முஃபாஅலா வாய்பாட்டில் அமைந்த சொல். பெரும்பாலும் இரு தரப்புக்கு இடையே நடக்கும் செயலைக் குறிக்க வரும் வாய்பாடு அது. ஒருவர் கணக்குக் கேட்கிறார், மற்றவர் ஒப்புவிக்கிறார். 781 வாக்கில் பஸராவில் பிறந்து 857இல் பக்தாதில் மறைந்த ஹாரிஸ் என்ற ஸூஃபி ஞானி இந்தப் பயிற்சியில் ஊன்றி நின்றதால்தான் 'அல்முஹாஸிபீ' என்று பெயர் பெற்றார். சொல்லின் வரலாறு இவ்வளவு போதும்.

இனி 'சுயபரிசோதனை'க்கு வருவோம். இன்றைய தமிழில் பரிசோதனை என்றால் இரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை, ஆய்வுக்கூடப் பரிசோதனை. 'சுய' சேர்ந்தால் மார்பகச் சுயபரிசோதனை, வீட்டிலேயே சர்க்கரை பார்த்துக்கொள்வது. தேர்தலில் தோற்ற கட்சியும் சுயபரிசோதனைதான் செய்கிறது. இவற்றில் எல்லாம் முடிவு தெரிந்ததும் வேலை முடிந்துவிடும். அளவு கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது என்று ஒரு தகவல் கைக்கு வரும், அவ்வளவுதான். முஹாஸபா முடியும்போது கையில் நிற்பது பாக்கி. விடுபட்ட தொழுகை கழாவாக (பின்னர் தொழுது தீர்க்க வேண்டியதாக) நிற்கும். ஒருவரைப் புறம்பேசியது அவருக்குப் பட்ட கடனாக நிற்கும். பாக்கியைத் தீர்க்காமல் எழுந்துபோனால் அது முஹாஸபாவே ஆகாது. 'பரிசோதனை'யில் இந்தத் தீர்த்தாக வேண்டிய கட்டாயம் எங்கே இருக்கிறது?

இதைவிடப் பெரிய இடறல் ஒன்று உண்டு. தமிழ் முஸ்லிம்கள் பேச்சில் 'சோதனை' ஏற்கெனவே வேறு வேலைக்கு அமர்ந்துவிட்ட சொல். நோய் வந்தால், தொழில் முடங்கினால், பிள்ளையைப் பறிகொடுத்தால் 'அல்லாஹ்வுடைய சோதனை' என்கிறோம். குர்ஆன் தமிழாக்கங்களிலும் இந்தப் பொருளில்தான் அந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. சோதிப்பவன் இறைவன், சோதிக்கப்படுபவன் அடியான். அப்படியிருக்க, அடியான் தன்னைத் தானே 'சோதித்துக்கொள்கிறான்' என்று எழுதினால் படிப்பவர் மனம் எங்கே போகும்? வலிந்து துன்பத்தை வரவழைத்துக்கொள்வதா என்ற குழப்பம்தான் மிஞ்சும்.

மூன்றாவது கோளாறு, இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் கூறியதாகத் திர்மிதி என்னும் ஹதீஸ் தொகுப்பில் பதிவான வாக்கியத்தில் அப்பட்டமாகத் தெரியும். 'ஹாஸிபூ அன்ஃபுஸகும் கப்ல அன் துஹாஸபூ.' ஒரே வினை இருமுறை வருகிறது. முதலில் நாம் கேட்பது, பிறகு நம்மிடம் கேட்கப்படுவது. வழக்கமான மொழிபெயர்ப்பில் இது 'மறுமையில் விசாரிக்கப்படுவதற்கு முன் உங்களைச் சுயபரிசோதனை செய்துகொள்ளுங்கள்' என்று ஆகிவிடுகிறது. இரு பாதிகளையும் பிணைத்திருந்த கயிறு அறுந்துபோயிற்று. அங்கே நடக்கப்போவதன் ஒத்திகைதான் இங்கே நடப்பது என்ற பொருள் முழுதும் காணாமல் போயிற்று.

இத்தனைக்கும் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் வாயிலேயே 'கேள்வி கணக்கு' இருக்கிறது. 'நாளைக்கு மஹ்ஷரில் (மறுமை விசாரணைத் திடலில்) கேள்வி கணக்கு இருக்கு' என்று சொல்லாத பாட்டிமார் உண்டா? கேட்பவனும் ஒப்புவிப்பவனும் அந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கிறார்கள். அதே சொல்லை வைத்து உமர் (ரலி) வாக்கைத் தமிழாக்கினால்: 'உங்களிடம் கணக்குக் கேட்கப்படுவதற்கு முன் உங்களிடம் நீங்களே கணக்குக் கேட்டுக்கொள்ளுங்கள்.' எதுவும் சிந்தவில்லை.

ஆகவே வினையாக எழுதும்போது 'தன்னிடம் கணக்குக் கேட்டல்' என்றும், பெயராக வேண்டும்போது 'தற்கணக்கு' என்றும் எழுதலாம். தற்காப்பு, தற்கொலை, தற்சார்பு போலவே தன் என்பது புணர்ந்து அமைந்த சொல். இலக்கணம் இடிக்கவில்லை.

'கணக்குப் போடுகிறான்' என்றால் சூழ்ச்சி என்று ஆகிவிடுமே என்பார்கள். பொருளைத் தீர்மானிப்பது பின்னால் வரும் வினை. கணக்குப் போடுதல் வேறு, கணக்குக் கேட்டல் வேறு. தமிழ் தெரிந்தவர் எவரும் இரண்டையும் குழப்பமாட்டார். கணக்கு என்றால் வியாபார வாடை அடிக்கிறது என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. அந்த வாடை மூலத்திலேயே இருக்கிறது. வேதனையிலிருந்து காக்கும் வியாபாரத்தை அறிவித்துத் தரட்டுமா என்று குர்ஆனே (61:10) கேட்கிறது.

1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் தொகுப்பின் 38ஆம் நூலை இந்தப் பயிற்சிக்கே ஒதுக்கி, தொடக்கம் முதல் இறுதிவரை வணிகர் மொழியில்தான் விளக்குகிறார். அறிவு முதலாளி, நஃப்ஸ் (தன் மனம்) கூட்டாளி. ஃபர்ளு (கட்டாயக் கடமை) மூலதனமாகிய முதல், நஃபில் (கூடுதல் வணக்கம்) இலாபம், பாவம் நட்டம். கடலோடி வணிகம் செய்த மரைக்காயர்களின் ஊர்களில் முதல், பாக்கி, பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை எல்லாம் அன்றாடச் சொற்கள். இவ்வளவும் கைவசம் இருக்க, ஆய்வுக்கூடத்தில் போய்ச் சொல் கடன் வாங்குவானேன்?

கஸ்ஸாலி காட்டும் படிகள் ஆறு. ஃபஜ்ர் என்னும் அதிகாலைத் தொழுகைக்குப் பின் நஃப்ஸோடு ஒப்பந்தம் (முஷாரதா): கண், காது, நாக்கு, வயிறு, மறைவிடம், கை, கால் ஆகிய ஏழு உறுப்புகளுக்கும் தனித்தனியே நிபந்தனை. பகலெல்லாம் கண்காணிப்பு (முராகபா). இரவில் தற்கணக்கு (முஹாஸபா). தவறு கண்டால் தண்டம் (முஆகபா). சோம்பல் கண்டால் கூடுதல் உழைப்பு (முஜாஹதா). கடைசியில் நஃப்ஸைக் கடிந்துகொள்ளுதல் (முஆதபா). ஒப்பந்தம் போடாத நாளில் இரவில் கேட்கக் கணக்கே இருக்காது. தற்கணக்கு பலருக்கும் மூன்றே நாளில் நின்றுபோவது இந்தக் காலைப் படியை விட்டுவிடுவதால்தான்.

இரவுக் கணக்கில் வரிசை முக்கியம். முதலில் ஃபர்ளு: நிறைவேறியதா, நேரத்திலா, ஓர்மையோடா? விடுபட்டிருந்தால் கழா. குறைவாக நிறைவேறியிருந்தால் நஃபிலால் ஈடு. அடுத்தது பாவம், உறுப்பு வாரியாக. அதன்பின் ஒவ்வொரு நற்செயலுக்கும் நிய்யத் (உள்நோக்கம்). நம்பிக்கையும் இங்கேதான் கணக்குக்கு வருகிறது. 'ரிஸ்க் (வாழ்வாதாரம்) அல்லாஹ்விடம்' என்று நாவு சொன்னதே, இன்று கடையில் வியாபாரம் மந்தமானபோது நெஞ்சு எதைப் பற்றிக்கொண்டது? யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தபின் ஸஜ்தா (நெற்றி நிலத்தில் பட வணங்குதல்) நீண்டதா? முஹாஸிபீ அவர்கள் முகஸ்துதியையும் தற்பெருமையையும் நுணுகி நுணுகித் தோண்டியது இதற்காகத்தான். வெளிப்படைப் பாவத்தைவிட இவை பேரேட்டில் ஏறாமல் நழுவுபவை.

பிழைகள் வழக்கமாக எங்கே விழும் என்றால், 'நான் பெரும்பாவி' என்று ஒற்றை வரியில் கணக்கை மூடிவிடுவது முதலாவது. தொகை எழுதாத கடனை யார் தீர்ப்பது? இன்ன நேரம், இன்னாரிடம், இன்ன சொல் என்று இருந்தால்தான் மறுநாள் போய் மன்னிப்புக் கேட்க முடியும். அடியாரின் உரிமை (பிற மனிதருக்கு நாம் பட்ட கடன்) தொழுது அழுவதால் மட்டும் கழியாது, உரியவரிடம் போய்ச் சேர வேண்டும். கழாக்கள் மலைபோல் இருக்க தஹஜ்ஜுதை (பின்னிரவு நஃபில் தொழுகை) எண்ணி மகிழ்வது இரண்டாவது. முதலை இழந்துகொண்டே இலாபம் பார்ப்பது அது. தண்டத்தில் எல்லை மீறுவது மூன்றாவது. உமர் (ரலி) ஒரு அஸர் ஜமாஅத் (பிற்பகல் கூட்டுத் தொழுகை) தவறியதற்காக 200,000 திர்ஹம் பெறுமான நிலத்தைத் தர்மம் செய்ததாகக் கஸ்ஸாலி எழுதுகிறார். தண்டம் இன்னொருவருக்குப் பயனாக விழுந்தது. உடலை வதைப்பதும், வுளூ (தொழுகைக்கு முன் கழுவிப் பெறும் தூய்மை) முறிந்ததா என்று பத்துமுறை கழுவுவதும் தற்கணக்கு அல்ல. அது வஸ்வாஸ் (மனத்தைக் குழப்பும் ஊசலாட்டம்).

வேறு சொற்களையும் சிலர் முன்வைக்கிறார்கள். 'அகநோக்கு' உளவியலுக்குச் சரி, அதில் கடன் இல்லை. 'தன்னாய்வு' பல்கலைக்கழக வாடை. 'ஆன்ம விசாரம்' இரமணர் காட்டிய வழியின் பெயராக ஊன்றிவிட்டது. அது 'நான் யார்' என்று கேட்பது. முஹாஸபா 'நான் என்ன செய்தேன், எதற்காகச் செய்தேன்' என்று கேட்பது. இரண்டும் தனித்தனிப் பாதைகள், ஒன்றின் பெயரை மற்றதற்குச் சூட்டுவது இரண்டுக்கும் செய்யும் அநியாயம்.

வடசொல் என்பதற்காகச் 'சுயபரிசோதனை'யை விலக்கச் சொல்லவில்லை. தெளிவாக இருந்தால் வடசொல்லும் இருக்கட்டும், அரபுச் சொல்லும் இருக்கட்டும். ஆங்கில நூலில் 'செல்ஃப் எக்ஸாமினேஷன்' என்று பார்த்ததும் செய்தித்தாள் தமிழில் கைக்கு அகப்பட்டதை எடுத்து ஒட்டும் பழக்கம்தான் கவலை தருகிறது. அரபு மூலத்தைத் திறப்பதில்லை, மஹல்லாவில் வழங்கும் சொல்லையும் கேட்பதில்லை. ஓதிய ஆலிமும் பழைய வியாபாரியும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். தக்வா (இறையச்சம்), இஹ்ஸான் (செம்மை), ஸுஹ்து (பற்றின்மை) பற்றிய நூல்களிலும் இதே அவசரம் தெரிகிறது.

எழுதுபவர்கள் முதல் இடத்தில் 'முஹாஸபா என்னும் தற்கணக்கு' என்று எழுதிவிட்டு, அதன்பின் தற்கணக்கு என்றே தொடரலாம். குர்ஆனின் 59:18ஆம் வசனத்துக்கு விளக்கம் எழுதும்போது மட்டும் ஒரு கவனம் தேவை. நாளைக்காக எதை முற்படுத்தி வைத்திருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் பார்க்கட்டும் என்கிறது வசனம். அங்குள்ள வினை 'பார்த்தல்'. விளக்கத்தில் தற்கணக்கு வரலாம், வசனத்தின் தமிழாக்கத்துக்குள் அதைத் திணிக்கக் கூடாது.