இருபது டன் கேழ்வரகில் ஒரு கடுகு

ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தை அசைக்காமல் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் சிவப்பணுக்கள் மெல்ல அடியில் தங்கிவிடும். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். அதுதான் பிளாஸ்மா. ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் 60 முதல் 80 கிராம் வரை புரதம் கரைந்திருக்கிறது. இதயமோ ஈரலோ பழுதானால் அதன் புரதமும் சிறிது இந்த நீரில் வந்து கலக்கும். தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்கு ஓடி வருபவருக்கு ஈசிஜியோடு ட்ரோபோனின் பரிசோதனையும் செய்வது இதனால்தான். ட்ரோபோனின் இதயத் தசைக்குள் இருக்க வேண்டிய புரதம். அது ரத்தத்தில் ஏறிக்கொண்டே போனால் தசை சேதமாகிறது என்று பொருள். இப்படி நோயைக் காட்டிக்கொடுக்கும் புரதத்துக்குத்தான் பயோமார்க்கர் என்று பெயர்.

அப்படியானால் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு புரதத்தைத் தேடிப் பிடித்துவிடலாமே? இந்தக் கேள்வியைப் பல பத்தாண்டுகளாகத் துரத்தியவர் அமெரிக்க விஞ்ஞானி லீ ஆண்டர்சன். அவருடைய தந்தை நார்மன் ஆண்டர்சன், ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில், வேகமாகச் சுழற்றிப் பொருட்களைப் பிரிக்கும் சோனல் சென்ட்ரிபியூஜ் என்ற கருவியை உருவாக்கியவர். ஃப்ளூ தடுப்பூசிக்கு வைரஸைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க அந்தக் கருவி பயன்பட்டது. 1975இல் பேட்ரிக் ஓஃபாரல், புரதங்களை முதலில் மின்னேற்றத்தை வைத்தும் பிறகு அளவை வைத்தும் ஒரே ஜெல் பலகையில் பிரிக்கும் முறையை வெளியிட்டார். இரண்டே வருடத்தில் தந்தையும் மகனும் அதை மனித பிளாஸ்மாவில் செய்து காட்டினார்கள். நடுவில் பெரிய மைக்கொட்டல் போல ஆல்புமின், ஒரு பக்கம் மணி கோத்ததுபோல ஹாப்டோகுளோபின், சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள். மொத்தப் புரதங்களின் தொகுப்பைக் குறிக்கும் புரோட்டியோம் என்ற சொல்லே 1994இல்தான் பிறந்தது. இவர்கள் அதற்கு 17 வருடம் முன்பே ரத்தத்தின் புரோட்டியோமை வரையத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த மைக்கொட்டலில்தான் சிக்கல். பிளாஸ்மாவில் உள்ள புரத எடையில் பாதிக்கு மேல் ஆல்புமின் ஒன்றுதான். எண்ணிக்கையில் 22 புரதங்கள் மட்டுமே மொத்த எடையில் 99 சதவீதத்தை அடைத்துக்கொள்கின்றன. ஆயிரக்கணக்கான மற்ற புரதங்களுக்கு மிஞ்சுவது ஒரு சதவீதம். 2002இல் ஆண்டர்சன்கள் எழுதிய கட்டுரை, மிக அதிகமான புரதத்துக்கும் மிகக் குறைவான புரதத்துக்கும் இடையே பத்து மடங்கின் பத்துப் படிகளுக்கு மேல் இடைவெளி இருப்பதை வரிசையாக வரைந்து காட்டியது. இன்டர்லூகின்-6 என்ற அழற்சிப் புரதத்தை எடுத்துக்கொள்வோம். ஆல்புமின் லிட்டருக்கு 40 கிராம் இருக்கும் இடத்தில் இது சுமார் 5 நானோகிராம் இருக்கும். 800 கோடிக்கு ஒன்று. ஒரு கேழ்வரகு மணி சுமார் இரண்டரை மில்லிகிராம். பத்து டன் லாரிகள் இரண்டில் கேழ்வரகை நிரப்பி அதற்குள் ஒரே ஒரு கடுகைப் போட்டால் வரும் கணக்கு அது. அந்தக் கடுகைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. நேற்று ஒன்று இருந்தது, இன்று இரண்டாகிவிட்டது என்றும் சொல்ல வேண்டும்.

ஜெல்லின் இடத்தை இன்று மூலக்கூறுகளை எடை போடும் நிறை நிறமாலைமானி, அதாவது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், பிடித்துவிட்டது. புரதத்தை உடைக்காமல் மின்னேற்றி ஆவியில் பறக்கவிடும் வழியைக் கண்டதற்காக ஜான் ஃபென்னும் கோய்ச்சி தனாக்காவும் 2002இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். நடைமுறையில் முழுப் புரதத்தை எடை போடுவதைவிடத் துண்டுகளை எடை போடுவது சுலபம். முதலில் யூரியா சேர்த்துப் புரதத்தின் மடிப்பைப் பிரிக்க வேண்டும். பிறகு கந்தகப் பிணைப்புகளை உடைத்து, அவை மறுபடி ஒட்டாமல் இருக்க அயோடோஅசிட்டமைடால் மூட வேண்டும். இந்த வேதிப்பொருள் வெளிச்சத்தில் கெட்டுவிடும் என்பதால் அரைமணி நேரம் இருட்டில் வைப்பார்கள். அடுத்து 50 பங்கு புரதத்துக்கு ஒரு பங்கு, புரதத்தை வெட்டும் நொதியான டிரிப்சின் போட்டு 37 டிகிரியில் இரவு முழுக்க விட வேண்டும். டிரிப்சின் கண்ட இடத்தில் வெட்டாது. லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களை அடுத்துத்தான் வெட்டும். அதனால் எந்தப் புரதம் என்ன துண்டாக வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். இங்கே அவசரம் ஆகாது. சீக்கிரம் முடியட்டும் என்று யூரியாக் கரைசலைச் சூடாக்கினால் யூரியா சிதைந்து லைசினில் ஒட்டிக்கொள்ளும், அந்த இடத்தில் டிரிப்சினால் வெட்ட முடியாது. கையுறை போடாமல் வேலை செய்தால் ரத்தத்தில் இல்லாத கெரட்டின் கருவியில் கொட்டும். அது வேலை செய்தவரின் தோலும் முடியும்.

துண்டுகளைக் கருவி எடை போடும், பிறகு உடைத்து உடைசல்களையும் எடை போடும், அதைத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்லும். ஓசூர் தாண்டி எட்டிவிடும் தூரத்தில் இருக்கிற பெங்களூரின் இன்ஸ்டிடியூட் ஆஃப் பயோஇன்ஃபர்மேடிக்ஸ், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 17,294 மரபணுக்களின் புரதங்களை இப்படி அடையாளம் கண்டு, 2014இல் மனித புரோட்டியோமின் வரைவை வெளியிட்டது.

இத்தனை வலுவான கருவிகள் வந்த பிறகும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த புதிய பரிசோதனைகள் மிகக் குறைவு. 2010இல் லீ ஆண்டர்சன் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். ரத்தத்தில் அளக்க அமெரிக்க அரசு அனுமதித்திருந்த புரதங்கள் 109. புதிதாகச் சேர்வது வருடத்துக்குச் சராசரி ஒன்றரை. ஆய்விதழ்களில் பயோமார்க்கர் என்று அறிவிக்கப்பட்டவையோ ஆயிரக்கணக்கில்.

இதற்கு முதல் காரணம் வெறும் பள்ளிக்கூடக் கணக்கு. 2,500 பேரில் ஒருவருக்கு இருக்கும் நோய் என்று வையுங்கள். நோயுள்ள ஒருவரைக்கூட விடாமல் பிடிக்கிற, நோயில்லாதவர்களில் நூற்றுக்கு 99 பேரைச் சரியாக விலக்குகிற பரிசோதனை ஒன்று கையில் இருக்கிறது. கேட்க அருமையாக இருக்கும். மாவட்டத்தில் ஒரு லட்சம் பெண்களுக்கு அதைச் செய்தால் நோயுள்ள 40 பேரும் பிடிபடுவார்கள், கூடவே நோயே இல்லாத ஆயிரம் பேரும் பிடிபடுவார்கள். அந்த ஆயிரம் பேரும் ஸ்கேனுக்கும் அறுவை சிகிச்சைக்கும் அலைய வேண்டியிருக்கும்.

இரண்டாவது காரணம் ரத்தம் எடுத்த விதம். இதைத்தான் பலரும் சின்ன விஷயம் என்று தாண்டிப் போகிறார்கள். என் கணக்கில் பாதி வேலையே இதுதான். 2002இல் லான்செட் இதழில், சினைப்பைப் புற்றுநோயை ரத்தப் புரத வடிவத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று ஓர் ஆய்வு வந்து உலகமே திரும்பிப் பார்த்தது. அந்தக் குழு வெளியிட்ட தரவுகளைப் புள்ளியியலாளர்கள் கீத் பேகர்லியும் கெவின் கூம்ப்ஸும் பிரித்துப் பார்த்தபோது, கருவி எப்படி இயக்கப்பட்டது, மாதிரிகள் எந்த வரிசையில் ஓடின என்பதன் தடம் அதில் தெரிந்தது. நோயாளிகளின் மாதிரி ஒரு விதமாகவும் மற்றவர்களின் மாதிரி வேறு விதமாகவும் கையாளப்பட்டால், கருவி அந்த வித்தியாசத்தைத்தான் கண்டுபிடித்துக் கொடுக்கும்.

குழாய்க்குள் போன பிறகும் ரத்தம் உயிரோடுதான் இருக்கிறது. அணுக்கள் சர்க்கரையைத் தின்கின்றன. தடுக்காவிட்டால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை குறையும். அதற்காகத்தான் சர்க்கரைப் பரிசோதனைக்குச் சாம்பல் மூடிக் குழாய். அதில் இருப்பது சோடியம் ஃபுளோரைடு. ஆம், பல்லில் கறையேற்றி எலும்பை வளைத்து, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையே இங்கே கொண்டுவர வைத்த அதே ஃபுளோரைடுதான். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. குழாய்க்குள் நிரம்பிய ரத்தத்திலோ லிட்டருக்குச் சுமார் 1,100 மில்லிகிராம். அணு சர்க்கரையை எரிக்கத் தேவையான ஈனோலேஸ் என்ற நொதியை அது முடக்கிவிடுகிறது.

புரத ஆய்வுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ உள்ள ஊதா மூடிக் குழாயே வசதி. கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்குள் அவிழ்க்க வேண்டும். நேரமானால் நீர் வெளியேறி ரத்தம் கெட்டியாகி எல்லாப் புரதமும் கூடியதுபோல் காட்டும். குழாயை மெதுவாக எட்டுப் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. மெல்லிய ஊசியில் சிரிஞ்சை வலுவாக இழுத்தாலும், குழாயை நேராக ஐஸ் கட்டிமேல் வைத்தாலும் சிவப்பணு உடையும். ஆயிரத்தில் ஒரு சிவப்பணு உடைந்தாலே லிட்டருக்கு நூறு மில்லிகிராமுக்கு மேல் ஹீமோகுளோபின் கலந்துவிடும். அந்த அளவில் கண்ணுக்குச் சிவப்பு தெரியாமலும் போகலாம். நாம் தேடுவதோ நானோகிராமில். சென்ட்ரிபியூஜில் 2,000 மடங்கு புவியீர்ப்பில் 10 நிமிடம் சுற்றி, மேல்நீரை அடுக்கின் விளிம்புவரை உறிஞ்சாமல் கொஞ்சம் மிச்சம் விட்டு எடுக்க வேண்டும். ஆசைப்பட்டு அடிவரை எடுத்தால் தட்டணுக்கள் கூடவே வந்து, உறையும்போது வெடித்துத் தங்கள் புரதத்தைக் கொட்டும். பிறகு சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து −80 டிகிரியில் வைக்க வேண்டும். ஒரே குப்பியை நாலு தடவை உருக்கி உறைய வைத்தால் அது வேறு மாதிரியாகிவிடும்.

அரிதான புரதத்தை அளக்க லீ ஆண்டர்சன் 2004இல் சிஸ்காப்பா என்ற வழியை முன்வைத்தார். லாரி முழுக்கச் சலிப்பதற்குப் பதில் கடுகை மட்டும் இழுக்கும் காந்தத்தை உள்ளே விடுவது போன்றது அது. டிரிப்சின் வெட்டிய பிறகு, வேண்டிய ஒரே துண்டைப் பிடிக்கும் ஆன்டிபாடியைக் காந்தமணிகளில் ஒட்டி உள்ளே விடுகிறார்கள். கூடவே அதே துண்டின் கனமான இரட்டையை, அளவு தெரிந்து சேர்க்கிறார்கள். வேதியியலில் இரண்டும் ஒன்று. எடையில் மட்டும் லைசின் முனை என்றால் 8 அலகும், ஆர்ஜினின் முனை என்றால் 10 அலகும் வித்தியாசம். வழியில் பாதி சிந்தினாலும் இரண்டும் ஒரே விகிதத்தில் சிந்தும், ஆகவே விகிதம் உண்மையைச் சொல்லும். தைராய்டு புற்றுநோய் திரும்பி வருகிறதா என்று பார்க்கும் தைரோகுளோபுலின் பரிசோதனையில் இது கைகொடுத்தது. சில நோயாளிகளின் உடலிலேயே அந்தப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும், வழக்கமான கிட் அதில் ஏமாந்துவிடும். டிரிப்சின் அந்த ஆன்டிபாடியையும் சேர்த்து நறுக்கிவிடுவதால் அளவு சரியாக வருகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆண்டி ஹூஃப்நாகில் குழு இதை 2008இல் செய்து காட்டியது.

ஆண்டர்சனின் பிற்கால வேலை நம் மலையூர்களுக்கு நெருக்கமானது என்று நினைக்கிறேன். வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை முதுகில் ஏற்றிக்கொண்டு போன பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலையில், ரத்தம் எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் சென்ட்ரிபியூஜுக்கும் உறைபெட்டிக்கும் எங்கே போவது? விரல் நுனி ரத்தத்தைத் தாளில் காயவைத்து அனுப்பினால் இரண்டும் வேண்டாம். பிறந்த குழந்தையின் குதிகாலில் ரத்தம் எடுப்பதும் இதே தாள் அட்டையில்தான். அவர் வலியுறுத்துவது இன்னொன்று: ஊருக்கெல்லாம் பொதுவான அளவோடு ஒப்பிடுவதைவிட, ஒருவரை அவருடைய பழைய அளவோடு ஒப்பிடுவது கூர்மையானது. மாதம் ஒரு துளி என்று சேர்த்து வைத்தால் சிஆர்பி போன்ற அழற்சிப் புரதம் எப்போது எழுந்தது, எப்போது அடங்கியது என்று பின்னோக்கியும் பார்க்கலாம். இதற்கும் எல்லை உண்டு. பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், சிஏ-125 என்ற புரதத்தை வருடந்தோறும் பின்தொடர்ந்து சினைப்பைப் புற்றுநோயைச் சற்று முன்னதாகவே பிடித்தார்கள். ஆனால் 2021இல் வந்த முடிவில் இறப்பு குறைந்திருக்கவில்லை.

அட்டையில் ரத்தம் எடுப்பதற்கும் முறை இருக்கிறது. முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்த துளியை வட்டத்தில் ஒரே தடவையில் விட வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று சொட்டக் கூடாது. ரத்தசோகை உள்ளவரின் ரத்தம் நீர்த்திருப்பதால் தாளில் அகலமாகப் பரவும். அதிலிருந்து வெட்டும் 3.2 மில்லிமீட்டர் வட்டில் ரத்தம் வழக்கமான 3 மைக்ரோலிட்டரைவிடக் குறைந்துவிடும். அதைச் சரிக்கட்ட ஆல்புமின், ஹீமோபெக்சின் போல அதிகம் ஏறியிறங்காத புரதங்களையும் அதே வட்டில் அளந்து வகுத்துக்கொள்கிறார்கள். அட்டையைப் படுக்கை வாட்டில், வெயில் படாமல், மூன்று நான்கு மணி நேரம் காயவிட வேண்டும். ஐப்பசி மழையில் அது இன்னும் இழுக்கும். ரத்தம் பழுப்பு நிறமாகிக் காய்ந்த பிறகே ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு உறையில் போட்டு மூட வேண்டும். சிவப்பு மாறாத அட்டையை உறையில் போட்டால் உள்ளே வியர்த்துப் புரதம் சிதையும். அப்படி வந்த அட்டையை ஓட்டிப் பார்க்காமல் ஒதுக்கிவிட்டு, அவரிடமே இன்னொரு துளி கேட்பதுதான் சரி.