மாராவுக்கு யாரை நம்பி அட்வான்ஸ் கட்டுவது?

போன ஆகஸ்டில் கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குள் நுழையும் செக்கெனானி வாசலில் எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு வேன் நின்றது. உள்ளே கோவைக்காரர்கள், பெரியவர்கள் நாலு பேர். மசாய்ப் பெண்கள் ஜன்னல் வழியாகப் பாசிமணி வளையல்களை நீட்டிக்கொண்டிருந்தார்கள்; அதைப் பார்க்கிற நிலையில் அவர்கள் இல்லை. டிரைவர் போனும் கையுமாக அலைந்துகொண்டிருந்தார். நுழைவுக் கட்டணம் வந்து சேரவில்லையாம். ஊரில் பணம் வாங்கியவர் மும்பையில் ஒருவருக்கு அனுப்பியிருக்கிறார், அவர் நைரோபிக்கு அனுப்பவில்லை. தலைக்கு 200 டாலர். மொத்தம் 800 டாலரைத் தன் கார்டில் தேய்த்துவிட்டுத்தான் அந்தக் குடும்பத்தலைவர் உள்ளே போனார்.

பல வருடமாகக் கென்யாவுக்கு ஆட்களை அழைத்துப்போகிறேன். எங்கள் தொழிலில் பணம் வாங்குகிறவர் ஒருவர், வண்டி ஓட்டுகிறவர் இன்னொருவர். நடுவில் இரண்டு மூன்று கை. அதில் தவறில்லை, நானும் நைரோபி நிறுவனம் ஒன்றை வைத்துத்தான் நடத்துகிறேன். அது எந்த நிறுவனம் என்று உங்களுக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான். பெயரை எழுத்தில் வாங்குங்கள். கென்யா சுற்றுலா நடத்துவோர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். சுருக்கமாக ‘கேட்டோ’ (KATO) என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். அப்புறம், தங்கப்போகும் கேம்புக்கு நீங்களே ஒரு மெயில் போட்டு, உங்கள் பெயரில் அறை இருக்கிறதா என்று கேளுங்கள். என் வாடிக்கையாளர்களும் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. சரி, கேட்கட்டும்.

(வேட்டைக்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டும் எப்போதாவது போன் வரும். கென்யாவில் அதற்கு 1977-லேயே தடை. முடியும் என்று சொல்கிற ஏஜெண்டிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.)

கொட்டேஷனில் நான் முதலில் பார்ப்பது விலையை அல்ல, முதல் நாள் மாலையை. மாராவில் வெளிநாட்டவருக்கான கட்டணம் ஜூலை முதல் டிசம்பர் வரை நாளுக்கு 200 டாலர், ஜனவரி முதல் ஜூன் வரை 100. 2024-ல் வந்த மாற்றம் இது. முன்பு 24 மணி நேரம் செல்லுபடியான டிக்கெட், இப்போது காலை 6 முதல் மாலை 6 வரை மட்டும். ஆகவே முதல் நாள் மாலை மட்டும் உள்ளே போனாலும் அந்த நாளுக்குக் கட்டணம் உண்டு; விலையைக் குறைக்க நினைப்பவர் கைவைக்கும் இடம் இதுதான். ‘முதல் நாள்: கேம்ப் வந்து சேர்தல், மாலை ஓய்வு. மூன்றாம் நாள்: காலை உணவுக்குப் பின் நைரோபி.’ படிக்க இதமாகத்தான் இருக்கும். நீங்கள் காட்டுக்குள் இருப்பது நடுவில் உள்ள ஒரே ஒரு நாள். ‘கேம்ப் அருகே கேம் டிரைவ்’ (வண்டியில் விலங்கு பார்க்கப் போவது) என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் வாசலுக்கு வெளியே. எத்தனை நாள் டிக்கெட் என்று எண்ணைக் கேட்டு வாங்குங்கள். காப்பகத்துக்கு உள்ளேயே தங்குபவர்கள், கிளம்பும் நாளில் காலை 10 மணிக்குள் வெளியே வராவிட்டால் இன்னொரு கட்டணம் உண்டு என்பதையும் ஏஜெண்ட் சொல்லவேண்டும்.

‘மாராவும் செரெங்கெட்டியும் நாலே நாளில்’ என்று ஒரு விளம்பரம் சுற்றுகிறது. செரெங்கெட்டி பக்கத்து நாடான தான்சானியாவின் காடு; வரைபடத்தில் இரண்டும் ஒட்டித்தான் இருக்கின்றன. ஆனால் நடுவில் எல்லை தாண்டச் சுற்றுலா வண்டிகளுக்கு வழி கிடையாது. இசெபானியா என்ற எல்லை ஊருக்குச் சுற்றிப் போகவேண்டும். கிட்டத்தட்ட ஒரு பகல் அதிலேயே போய்விடும். இதைத் தெரியாமல் விற்கிறவர் அந்தப் பக்கம் போனதே இல்லை என்று அர்த்தம்.

வண்டி என்ன என்று கேளுங்கள். கூரை தூக்கும் வேன் மலிவு, காய்ந்த மாதங்களில் பரவாயில்லை. ஏப்ரல், மே மழையில் வேண்டாம். மாராவின் பல இடங்களில் நம் கோவில்பட்டிப் பக்கம் போலக் கரிசல் மண். ஒரு மழைக்குச் சக்கரத்தைப் பிடித்தால் விடாது. லேண்ட் குரூசருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு அங்கே தெரியும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி பற்றி ஏஜெண்ட் வாயே திறக்கவில்லையா? சந்தேகப்படுங்கள். இந்தியாவிலிருந்து போகிறவரிடம் கென்யாவில் கேட்கமாட்டார்கள். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். விசாவுக்குப் பதில் 2024 ஜனவரி முதல் இணைய அனுமதிதான். அரசுத் தளத்தைப் போலவே தோன்றி இரட்டிப்பு வாங்கும் தளங்களும் இருக்கின்றன.

கடைசியாக, ஆற்றைக் கடக்கும் வில்டபீஸ்ட் (மாடு போலிருக்கும் மான் இனம்) கூட்டத்தை நிச்சயம் காட்டுவேன் என்று சொல்கிறாரா? எனக்கு அந்தத் தைரியம் இல்லை. ஆயிரக்கணக்கில் மாரா ஆற்றங்கரைக்கு வந்து, தண்ணீர் வரை இறங்கி, முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனதை ஐந்து மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம்.