பசுவின் ஏப்பத்தில் வீணாகும் தீவனம்

மாட்டிலிருந்து வரும் மீத்தேனில் பெரும்பங்கு வாய் வழியாகத்தான், ஏப்பமாக வெளியேறுகிறது. ஒரு கறவைப் பசு நாளொன்றுக்கு 250 முதல் 500 லிட்டர் வரை இப்படி வெளிவிடும். தின்ற தீவனத்தின் ஆற்றலில் ஏறக்குறைய 6 சதவீதம் அதோடு போய்விடுகிறது. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட மீத்தேன் சுமார் 28 மடங்கு வெப்பமூட்டும். ஆனால் காற்றில் 12 ஆண்டுகள் போலத்தான் தங்கும். அதனால் இன்று குறைத்தால் பலன் சீக்கிரமே தெரியும்.

பசுவின் முதல் வயிறான ரூமெனில் நுண்ணுயிர்கள் நாரை நொதிக்க வைக்கும்போது ஹைட்ரஜன் மிஞ்சுகிறது. அது தேங்கினால் செரிமானமே மந்தமாகிவிடும். ஆர்க்கியா வகை நுண்ணுயிர்கள் அந்த ஹைட்ரஜனைக் கார்பன் டை ஆக்சைடோடு சேர்த்து மீத்தேனாக்குகின்றன. ஆக, மீத்தேனைக் குறைக்க வேண்டுமானால் ஹைட்ரஜனுக்கு வேறு வழி காட்ட வேண்டும், அல்லது அது உண்டாவதையே குறைக்க வேண்டும்.

முற்றிய தட்டையில் அசிட்டிக் அமிலமும் ஹைட்ரஜனும் அதிகம் உண்டாகும். மாவுச்சத்தில் உருவாகும் புரோபியோனிக் அமிலமோ ஹைட்ரஜனை உள்ளிழுத்துக்கொள்ளும். எனவே புல்லைப் பூ எடுக்கும் முன் அறுப்பதும், பயறுவகைத் தீவனம் கலப்பதும், மாவுச்சத்து மிகுந்த தானியக் கலவையான அடர்தீவனத்தை அளவாகச் சேர்ப்பதும் லிட்டர் பாலுக்கான மீத்தேனைக் குறைக்கும். அடர்தீவனத்தை மட்டும் ஒரே நாளில் கூட்டிவிடக் கூடாது. ரூமெனின் பிஎச் (இது இறங்கினால் அமிலத்தன்மை கூடுகிறது என்று பொருள்) 5.5-க்குக் கீழே இறங்கினால் மாடு தீவனத்தை ஒதுக்கும், அசைபோடுவது குறையும், சாணம் நுரைத்து இளகும். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். எண்ணெய் வித்துகளும் உதவும். ஆனால் தீவனத்தின் உலர் எடையில் மொத்தக் கொழுப்பு 6 சதவீதத்தைத் தாண்டினால் நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் அடிபடும்.

3-நைட்ராக்சிபுரோப்பனால் என்ற சேர்மம் மீத்தேன் உருவாகும் கடைசிக் கட்டத்து நொதியைத் தடுத்து, கறவை மாடுகளில் சுமார் 30 சதவீதம் குறைக்கிறது. சில மணி நேரத்திலேயே ரூமெனில் சிதைந்துவிடுவதால் ஒவ்வொரு வாய்த் தீவனத்திலும் அது கலந்திருக்க வேண்டும். நாள் முழுக்க மேயும் மாட்டுக்கு அவ்வளவாக உதவாது. அஸ்பராகாப்சிஸ் என்ற சிவப்புக் கடற்பாசி சில சோதனைகளில் 80 சதவீதம் வரை குறைத்திருக்கிறது. அதில் வேலை செய்யும் புரோமோஃபார்ம் எளிதில் ஆவியாகும். சேமிப்பு சரியில்லை என்றால் பாசியின் வீரியம் போய்விடும். நைட்ரேட்டும் ஹைட்ரஜனை ஈர்க்கும், ஆனால் அளவு மீறினால் நைட்ரைட் ரத்தத்தில் ஏறி, ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுத்து மாட்டையே கொன்றுவிடும். கால்நடை மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே வேண்டாம்.

இதையெல்லாம்விட முந்திக் கவனிக்க வேண்டியது சினைப் பராமரிப்பு என்பதே எங்கள் கருத்து. பால் வற்றி நிற்கும் மாடும் ஏப்பம் விட்டுக்கொண்டுதான் இருக்கும். ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடையிலான ஈத்து இடைவெளி நீண்டுகொண்டே போனால் லிட்டர் பாலுக்கான மீத்தேன் ஏறிக்கொண்டே போகும்.

குழியில் நீரோடு தேங்கும் சாணத்திலும் மீத்தேன் உண்டாகும். அதைச் சாண எரிவாயுக் கலனில் பிடித்து எரிக்கலாம். சாணமும் நீரும் சம அளவு; 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் உகந்தது, 15 டிகிரிக்குக் கீழே வாயு வரத்து ஏறக்குறைய நின்றுவிடும். குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழி விட்டால் அங்கே கசிகிறது. கலனிலிருந்து வெளியே வழியும் கழிவிலிருந்தும் கொஞ்ச நாள் வாயு வரும் என்பதால் அது சேரும் தொட்டியையும் மூடி வைக்க வேண்டும்.