ஐந்து ரூபாய் இலாபத்துக்கு ஒரு இலட்சம் தண்டம்

இந்த வருடம் தண்டம் கட்டிவிட்டு, கணக்குப் பார்க்கிற என்னிடம் வந்த ஐந்தாவது கடைக்காரர் அவர். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் சின்னப் பலசரக்குக் கடை, அவரும் மனைவியும்தான் நிற்பார்கள். "தம்பி, கீரிச்சம்பா பதினஞ்சு ரூபா கூட வித்ததுக்கு ஒரு லட்சம் கட்டினனான், கணக்கில செலவெண்டு போடலாமோ?" என்று கேட்டார். போட ஏலாது ஐயா. தண்டப்பணம் வரிக்குக் கழிபடாது.

2024 டிசம்பரில் அரசு அரிசிக்கு அறிவித்த கட்டுப்பாட்டு விலையைப் பாருங்கள். கீரிச்சம்பா கிலோ மொத்த விலை 255 ரூபாய், சில்லறை 260. நாட்டரிசி 225, 230. லொறிக் கூலி, கரன்ட், பை, எலி தின்றது எல்லாம் அந்த 5 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். 2021 இல் சட்டத்தைத் திருத்தி, அந்த விலையை மீறுகிற தனி வியாபாரிக்குக் குறைந்த தண்டமே ஒரு இலட்சம் ஆக்கிவிட்டார்கள். அதை அந்த இலாபத்தில் எடுக்க 20,000 கிலோ விற்க வேண்டும், 25 கிலோ மூட்டையில் 800 மூட்டை. இவர் மாதம் விற்பது பத்து.

எனக்குக் கோபம் வருவது, "கடைக்காரன் பதுக்குறான், விலையைக் கட்டினால் மலியும்" என்று படித்தவர்களே சொல்லும்போதுதான். இவர் கிலோ 268 கொடுத்து வாங்கினார், மொத்த வியாபாரி சிட்டையில் (பில்லில்) 255 என்று எழுதிக் கொடுத்தார். கூட விற்றால் குற்றம். கடையில் வைத்துக்கொண்டு விற்க மறுத்தாலும் குற்றம். சரி, சட்டத்துக்குள் நிற்க என்ன வழி? அந்த அரிசியை வாங்காமல் விடுவது ஒன்றுதான். தட்டு காலியாவது அதனால்தான், பதுக்கலால் இல்லை. 2021 செப்டெம்பரில் அவசரகால விதிகளையும் வைத்துக்கொண்டு அரிசி விலையைக் கட்டிப் பார்த்தார்கள், அந்த மாதம் முடியுமுன்னரே கைவிட்டார்கள். பால்மாவுக்கும் காஸுக்கும் அடுத்த மாதமே விலைக்கட்டுப்பாட்டை எடுத்தார்கள்.

இன்னும் நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் வீட்டையே யோசியுங்கள். 2022 மார்ச் வரை டொலரை 200 ரூபாய்க்குக் கிட்டக் கட்டி வைத்திருந்த நாட்களில், கனடாவில் இருந்து அண்ணை அனுப்பிய காசை ஏன் வங்கியால் எடுக்காமல், வங்கிக்கு வெளியே காசு கைமாற்றுகிற உண்டியல்காரரால் எடுத்தீர்கள்? உழைத்த காசுக்கு உரிய விலை வேண்டும் என்றுதானே. அந்த உரிமை அரிசி விற்கிறவருக்கும் இருக்கிறது. அவரைக் கள்ளன் என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து.

கடைக்காரருக்கு: கொடுத்த காசுக்குக் குறைவாக எழுதிய சிட்டையைக் கையால் தொடாதீர்கள், பிடிபட்டால் நீங்கள் மட்டும்தான் நிற்பீர்கள். உண்மைச் சிட்டை தராதவரிடம் வாங்க வேண்டாம், அந்த அரிசி இல்லாமல் கடை நடக்கும். விலைப்பலகையைத் தினமும் எழுதுங்கள். அப்புறம், வழக்குக்கு முதல் நாள் இரவு என்னைத் தேடி வராதீர்கள். பரிசோதனைக்கு வந்தவர்கள் வழக்குத் துண்டு தந்த அன்றே, சிட்டைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.