பட்டிப்பூவின் கலியாணம்

உப்புவெளியில் எங்கள் வீட்டில் முன்பெல்லாம் அப்ப மாவுக்குக் கள்ளு விட்டுத்தான் குழைப்பார்கள். இப்போது கடை ஈஸ்ட். எதை விட்டாலும் விடியும்போது மா பொங்கிச் சட்டி விளிம்பில் நிற்கும். பள்ளிப் புத்தகம் மதுவம் என்று சொல்லும் ஒற்றைக் கலப் பூஞ்சையின் வேலை அது.

வேலியோர மணலில் பட்டிப்பூ நிற்கிறது. யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. இலை கசப்பு, ஆடும் வாய் வைக்காது. 1950களில் கனடாவில் இந்த இலை சீனி வருத்தத்துக்கு உதவுமா என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சீனி குறையவில்லை, வெள்ளை இரத்தக் கலங்கள் குறைந்தன. அப்படி அகப்பட்டதுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. (அதனால் இலையை அவித்துக் குடிக்கிற வேலை வேண்டாம்.) 1 கிராம் மருந்து எடுக்க ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை தேவை.

ஏன் இந்தக் கஞ்சத்தனம்? வின்பிளாஸ்டின் இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து உண்டாவது. ஒன்று கத்தரந்தின், மற்றது விண்டோலின். செடி கத்தரந்தினை இலையின் மேலே உள்ள மெழுகுக்குத் தள்ளிவிடுகிறது. விண்டோலினை இலைக்குள் கலங்களில் வைத்துக்கொள்கிறது. பட்டிப்பூவின் மறுபெயர் என்னவோ நித்தியகல்யாணி. பொம்பிளை ஒரு வீட்டில், மாப்பிள்ளை இன்னொரு வீட்டில்!

சரி, மதுவம் எங்கே வருகிறது? தன் கலச் சவ்வுக்கு வேண்டிய ஒருவகைக் கொழுப்பை அது சீனியிலிருந்து செய்கிறது. அந்த வழியில், பட்டிப்பூவும் பயன்படுத்தும் ஒரு மூலப்பொருள் இடையில் உண்டாகும். கத்தரந்தினையும் விண்டோலினையும் மதுவத்தைக் கொண்டே செய்விக்க, டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் அங்கே ஒரு கிளைவழி வெட்டினார்கள். தாவர மரபணுக்களை மதுவத்துக்குள் சேர்த்தால், ஒவ்வொன்றும் ஒரு நொதியத்தை, அதாவது ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றும் புரதத்தை, தரும். ஒரு நொதியம் ஒட்சிசனை ஏற்றும், அடுத்தது அணுச் சங்கிலியை வளையமாக மூடும். இப்படி ஏறத்தாழ 30 படி. 2022இல் வெளியான அந்த ஆய்வில் 34 தாவர மரபணுக்கள், மொத்தம் 56 மரபணு மாற்றங்கள்.

மரபணுவைப் போட்டுவிட்டால் மட்டும் நடந்துவிடாது. கந்தளாய் வாய்க்காலில் மேல்வயல்காரர் மடையைத் திறந்துகொண்டால் கடைவயலுக்கு என்ன மிஞ்சும்? மதுவத்தின் சொந்த நொதியங்களும் அதைத்தான் செய்தன. பாதிவழியில் வந்த பொருளைப் பிடித்து வேறொன்றாக மாற்றிவிட்டன. அவற்றின் மரபணுக்களை நீக்கி மடைகளை அடைக்க வேண்டியிருந்தது. எனக்கு மரபணு சேர்த்ததைவிட இந்த அடைப்பு வேலைதான் கெட்டித்தனமாகப் படுகிறது.

கடைசியில் கலியாணம் மதுவத்துக்குள்ளும் நடக்கவில்லை. மதுவம் செய்த கத்தரந்தினையும் விண்டோலினையும் பிரித்தெடுத்து, ஆய்வுகூடத்தில் இரசாயன முறையில் சேர்த்தார்கள். கிடைத்த அளவோ லீட்டருக்கு 1 மில்லிகிராம்கூட இல்லை. மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினுக்கு வேண்டிய அமிலத்தை மதுவம் 2013இலேயே லீட்டருக்கு 25 கிராம் தந்தது. அந்த வழியில் படிகள் மிகக் குறைவு.