பெருக்கமரம்: பெயர் வந்த வழி, விதை வந்த வழி

கொழும்பில் அச்சாகும் கட்டுரைகளிலும் அறிவிப்புகளிலும் 'பாவோபாப்' என்ற சொல் மெல்ல இடம்பிடித்துவருகிறது. மன்னாரிலோ நெடுந்தீவிலோ பிறந்த ஒருவரிடம் அப்படிச் சொன்னால் எந்த மரம் என்று கேட்பார். பெருக்கமரம் என்றால் உடனே தெரியும்.

பெருக்கம் என்றால் பருத்தல், மிகுதல். மன்னார் பள்ளிமுனை மரத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்: உயரம் ஏறத்தாழ 7.5 மீற்றர்தான், அடிமரத்தின் சுற்றளவோ 19 மீற்றருக்கு மேல். சாம்பல் நிறத்தில், மடிப்பு மடிப்பாக இருக்கும் பட்டையைப் பார்த்தே ஆனைப்புளி என்றும் பெயர் வந்திருக்க வேண்டும். சிங்களத்தில் 'அலிகஹ' என்பதும் யானை மரம்தான். புளி எங்கிருந்து வந்தது? காயை உடைத்தால் விதைகளைச் சுற்றி உலர்ந்த மாவுபோல வெள்ளைச் சதை இருக்கும். வாயில் போட்டால் நன்றாகவே புளிக்கும்.

'பாவோபாப்' அரபு வழி வந்தது; 'விதை நிறைந்தது' என்ற பொருளுள்ள சொல்லின் திரிபு என்பார்கள். 1592இல் இத்தாலிய மருத்துவர் புரொஸ்பெரோ அல்பினி எகிப்தியத் தாவரங்களைப் பற்றிய நூலில் அதைப் பதிவுசெய்தார். செனகலில் இம்மரத்தை ஆராய்ந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் மிஷேல் அடன்சன் நினைவாக, உயிரினங்களுக்கு அறிவியற்பெயர் சூட்டும் முறையை வகுத்த லின்னேயஸ் வைத்த பெயர் அடன்சோனியா டிஜிடாட்டா. விரல்போல் விரிந்த இலைக்காக அந்த 'டிஜிடாட்டா'.

அடன்சோனியாவில் எட்டு இனங்கள் உண்டு: ஆறு மடகஸ்காரில், ஒன்று வடமேற்கு அவுஸ்திரேலியாவில், ஒன்று ஆபிரிக்கப் பெருநிலத்தில். நம்முடையது கடைசியாகச் சொன்னது. மற்ற ஏழிலும் நிறமூர்த்தங்கள் (கலத்துக்குள் மரபணுக்களைத் தாங்கும் இழைகள்) இரண்டு தொகுதி. இதில் மட்டும் நான்கு. அவுஸ்திரேலிய மரத்தைப் பற்றி 2015இல் வெளியான ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஆய்வாளர்கள் மரபணுக்களோடு பழங்குடி மொழிகளில் அம்மரத்துக்குள்ள பெயர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, விதையை இடம்பெயர்த்ததில் மனிதருக்குப் பங்கு உண்டு என்று காட்டினார்கள்.

நம் கதை வேறு. அராபிய வணிகர்கள் கொண்டுவந்தார்கள் என்பது மன்னாரில் வழங்கும் கதை. பள்ளிமுனை மரம் நடப்பட்டது 1477இல் என்றும் சொல்வார்கள். இந்தியத் துணைக்கண்டத்து மரங்களின் மரபணுக்களும், ஆபிரிக்காவிலிருந்து ஒருமுறையல்ல, பலமுறை விதை வந்திருப்பதையே காட்டுகின்றன. ஆனால் விதையோடு அங்குள்ள பெயர் வரவில்லை. நம்மவர்கள் பருமனையும் புளிப்பையும் யானையையும் வைத்துத் தாங்களே பெயர் சூட்டிக்கொண்டார்கள். பப்பரப்புளி என்ற ஒரு பெயரில் மட்டும் கடல்கடந்த பப்பர நாட்டின் நினைவு ஒட்டியிருக்கிறது.

இங்கே ஒரு கலைச்சொல் சிக்கல். நம் பாடநூல்கள் மரபணுவைப் 'பரம்பரையலகு' என்றும் மரபியலைப் 'பிறப்புரிமையியல்' என்றும் எழுதும். பிறப்புரிமை என்றதும் வாசகர் மனம் காணி உறுதிப் பக்கம் போய்விடுகிறது. பொது வாசகருக்கு 'மரபணுப் பல்வகைமை' போதும். ஒரே இனத்து மரங்கள் பரம்பரையாகத் தமக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதே பொருள்.

'காட்டு மரம்', 'வளர்ப்பு மரம்' என்ற பிரிப்பும் இங்கே சரியாகப் பொருந்தாது. மேற்கு ஆபிரிக்கக் கிராமங்களில் இலை கறிக்கு ஆகும். தானாக முளைத்த கன்றை வேலியிட்டுக் காப்பார்கள், சிலவேளை பிடுங்கி வீட்டருகே நடுவார்கள். அது காடா, வளர்ப்பா? மன்னார் மரங்களைக் காட்டு மரம் என்று எழுதுவது தெளிவான பிழை. அவை வந்தேறிகள், 'நாட்டப்பட்டவை' என்றால் சரி.

பேணலுக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. பெருக்கமரம் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்காது. மாலையில் விரிந்து மறுநாள் வாடும் வெள்ளைப் பூவுக்கு வேறொரு மரத்தின் மகரந்தத்தை வௌவால்கள் கொண்டுவர வேண்டும். நெருங்கிய உறவுள்ள சில மரங்களே எஞ்சினால் பல்வகைமை சுருங்கிப்போகும். ஆகவே கன்று வளர்ப்பவர்கள் புகழ்பெற்ற ஒரே மரத்தின் காய்களைத் தேடி ஓடாமல் பல மரங்களிலிருந்து விதை எடுக்க வேண்டும். விதைத்தோல் மிகவும் கடினம். சற்றே உராய்ந்து, ஊறவைத்து நட்டால் முளைக்கும்.