அகலமான டயர் போடுமுன் ஒரு சின்னக் கணக்கு

போன வாரம் ஒரு ஸ்விஃப்ட் பேலன்சிங்குக்கு வந்தது. "எண்பதைத் தாண்டினாலே ஸ்டியரிங் உதறுதுங்க, திருப்பத்துல கர்ர்னு சத்தம் வேற" என்றார் வண்டிக்காரர். ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கச் சொல்லி, முன் சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். மட்கார்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனர் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்து பளபளத்தது. கம்பெனி கொடுத்த 165/80 ஆர்14 டயரைக் கழற்றிவிட்டு, 15 இன்ச் அலாய் ரிம்மில் 205/65 மாட்டியிருக்கிறார்.

இந்த எண்களைப் படிக்கத் தெரிந்தால் போதும். 165 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். அதில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ., பக்கச்சுவரின் உயரம். 14 இன்ச் ரிம்முக்கு மேலேயும் கீழேயும் அதைச் சேர்த்தால் மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ. அவர் போட்டிருந்தது 647! உரசாமல் என்ன செய்யும்? மீட்டரும் பழைய சுற்றளவை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. அது 100 காட்டும்போது வண்டி முன்பைவிட நாலு கிலோமீட்டருக்கு மேல் வேகமாகப் போகும். பிரேக் பிடிக்கும்போது அந்த வித்தியாசம் சின்னது இல்லை.

அதே ஸ்விஃப்டின் மேல் வேரியன்ட்டில் கம்பெனியே 185/65 ஆர்15 தருகிறது. விட்டம் 621. ரிம் பெரிதானால் பக்கச்சுவர் குறைய வேண்டும். மொத்த உயரம் மாறக் கூடாது. இரண்டு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் நான் மாட்டித் தருவதில்லை.

சரி, உதறல்? அது டயரால் வந்தது இல்லை. இந்த வண்டியின் ஹப், அதாவது ரிம்மின் நடு ஓட்டைக்குள் உட்காரும் பகுதி, 54 மி.மீ. வெளியில் வாங்கிய அலாயின் நடு ஓட்டை 73. இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் போடாமல், வெறும் நட்டை நம்பி மாட்டிவிட்டிருக்கிறார்கள். நாலு ரிங் போட்டதும் உதறல் நின்றது.

டயரில் அளவுக்குப் பக்கத்தில் 85டி மாதிரி ஒன்று இருக்கும். எண் பாரத்துக்கு, எழுத்து வேகத்துக்கு. அதையும் பாருங்கள். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 82 என்றால் 475தான். விலை குறைவு என்று கம்பெனி கொடுத்ததைவிடக் குறைந்த எண்ணை வாங்காதீர்கள். ஐந்து பேரும் சாமான்களுமாக மலை ஏறும்போது பாரம் முழுக்க அதன் மேல்தான்.

அவர் அலாயை வைத்துக்கொண்டு 185/65க்கு மாறினார். டிக்கியில் இருந்த பழைய 14 இன்ச் ஸ்டெப்னியும் உயரத்தில் இப்போது ஒத்துப்போகிறது. பஞ்சரானால் அதை மாட்டிக்கொண்டு நிதானமாகக் கடை வரைக்கும் வந்துவிடலாம்.